தோப்பு வாசலில் ஐஆர் பீம்: இதுவரை

டிராக்டர் போய்வரும் வண்டிப்பாதை, 5 மீட்டர் அகலம். கேட் போட வழியில்லை. ராத்திரி அவிழ்த்துவிட்ட மாடுகள் புகுந்து வாழைக்கன்றுகளைக் காலி செய்கின்றன. மாடு நுழைந்தால் வீட்டில் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாதைக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு (ஐஆர்) ஒளிக்கற்றை, அதாவது பீம்; அது மறைந்தால் மணி. ஒரு தூணில் அதை அனுப்பும் 940 நானோமீட்டர் எல்இடி, எதிர்த்தூணில் வாங்கும் டிஎஸ்ஓபி 1738. டிவிக்குள் ரிமோட் சிக்னலை வாங்கும் அதே வகை ரிசீவர். 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஒளியைத்தான் பொருட்படுத்தும் என்பதால் வெயிலைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆனால் துடிப்பு விடாமல் வந்தால், அதையும் இரைச்சலாக எடுத்துக்கொண்டு உள்ளிருக்கும் ஏஜிசி (உணர்திறனைத் தானே கூட்டிக் குறைக்கும் பகுதி) காதைப் பொத்திக்கொள்ளும். 555 என்ற டைமர் ஐசியை இடைவெளி இல்லாமல் சும்மா ஓடவிடும் சர்க்யூட்டுகள் பல இதில்தான் படுத்துவிடுகின்றன. நான் அர்டுயினோ என்ற சிறு புரோகிராம் போர்டிலிருந்து 20 துடிப்பு, பிறகு 5 மில்லிசெகண்ட் இடைவெளி என்று அனுப்புகிறேன்.

ரிசீவரைத் தெற்குத் தூணில் வடக்கு பார்க்க வைத்தேன். காலை, மாலை வெயில் நேராகக் கண்ணில் விழாது.

பகலில் ஒழுங்காக வேலை செய்தது. இருட்டியதும் வேடிக்கை. பீமுக்கு நடுவே அட்டையைப் பிடித்தாலும் மணி அடிக்கவில்லை. வெயில் போனதும் ரிசீவரின் உணர்திறன் ஏறிவிடுகிறது. பம்ப்செட் அறையின் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியே அதற்குப் போதும். வெளியிடம் என்றால் எல்லோரும் எல்இடிக்குக் கரண்டை ஏற்றச் சொல்வார்கள். இங்கே குறைக்கத்தான் வேண்டியிருந்தது. ரெசிஸ்டரைப் பெரிதாக்கினேன். உட்புறம் கறுப்படித்த ஒரு சாண் பிவிசி குழாயை ரிசீவருக்கு முன்னால் மாட்டினேன். இப்போது நேர் எதிரே உள்ளது மட்டும்தான் அதற்குத் தெரிகிறது. குறி பார்க்க மொபைலின் முன்பக்கக் கேமரா உதவியது: கண்ணுக்குத் தெரியாத எல்இடி அதில் ஊதாப் புள்ளியாக மின்னும்.

மீதி வேலை நேரக்கணக்கு. பறக்கும் காக்கையோ உதிரும் இலையோ பீமை மறைப்பது நொடியில் சிறு பங்குதான். நடக்கும் மாட்டின் உடல் கடக்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். 300 மில்லிசெகண்ட் தொடர்ந்து மறைந்தால்தான் மணி. பீம் முக்கால் மீட்டர் உயரத்தில் இருப்பதால் நாய்கள் கீழே போய்விடுகின்றன.

இப்போதைய தலைவலி குளவி. குழாய் வாயில் மண்கூடு கட்டி அடைத்துவிடுகிறது, மணி ஓயாமல் அடிக்கிறது. கொசுவலைத் துண்டு கட்டிப் பார்க்கப் போகிறேன். ஒளி எவ்வளவு குறையும் என்பதை ராத்திரியில் இல்லை, உச்சி வெயிலில்தான் சோதிக்க வேண்டும்.