ஹைப்ரிட் சைக்கிளும் ஏற்காட்டு ஏற்றமும்

என் ஹைப்ரிட்டில் (ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகை) முன்னால் 48, 38, 28 பல் என்று மூன்று சக்கரம். பின்னால் 14 பல்லில் தொடங்கி 28 வரை ஏழு பல்சக்கரம். 21 கியர் என்று கடையில் சொல்லும்போது பெரிதாகத்தான் தெரியும். மலையேறுகிறவனுக்கு அதில் முதல் கியர் ஒன்றுதான் கணக்கு. முன்னே 28, பின்னே 28. பெடல் ஒரு சுற்று சுற்றினால் டயரும் ஒரு சுற்று. 700x35 டயருக்கு (35 மி.மீ. அகலம்) அது ஏறத்தாழ 2.17 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.8 கி.மீ. கேட்க மெதுவான வேகம்தான். ஆனால் ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதே வேகத்தில் மிதிக்க என் தொடைக்குத் தெம்பில்லை. மிதி 40-க்கு இறங்கும், முட்டி பேச ஆரம்பிக்கும்.

அதனால் பின்பக்க ஃப்ரீவீலை, அதாவது அந்த ஏழு பல்சக்கரத் தொகுதியை, 14-34 மெகாரேஞ்சுக்கு மாற்றினேன். இதில் 14, 16, 18, 20, 22, 24 என்று முதல் ஆறு சக்கரமும் பழையதில் இருந்தவையே. கடைசிச் சக்கரம் மட்டும் 28-க்குப் பதில் 34. ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. 24-இலிருந்து 34-க்குத் தாவும்போது காலுக்குக் கீழே படி நழுவியதுபோல ஒரு நொடி இருக்கும், அவ்வளவுதான். இப்போது அதே 60 சுற்றுக்கு 6.4 கி.மீ. உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம்.

வாங்கும் முன் பின் டிரெய்லியர் (செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் மாற்றும் கருவி) தாங்குமா என்று பார்க்க வேண்டும். என்னுடையது ஷிமானோ டூர்னி டிஒய்300. 34 பல் வரை ஏற்கும், மொத்தக் கொள்ளளவு, அதாவது முன் வித்தியாசமும் பின் வித்தியாசமும் சேர்ந்து, 43 பல். முன்னால் 48-க்கும் 28-க்கும் 20 வித்தியாசம், பின்னால் 34-க்கும் 14-க்கும் 20. ஆக 40. சரி, போதும்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. மிதிக்க மிதிக்க ஃப்ரீவீல் மரையில் இறுகிக்கொண்டே போகும். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரையே எடுக்கவில்லை. ஃப்ரீவீல் கழற்றும் ரிமூவரை மேசை வைஸில் (இடுக்கியில்) இறுக்கி, வீலை அதன்மேல் கவிழ்த்து உட்கார வைத்து, "தம்பி, டயரை ரெண்டு கையால பிடிச்சு இடப்பக்கம் திருப்பு" என்றார். ஒரு ‘டக்’ சத்தம், கழன்று வந்துவிட்டது. 116 கண்ணிப் புதுச் செயினைப் பெரிய சக்கரம் இரண்டிலும் சுற்றி அளந்து, 114-இல் நிறுத்தினோம். அப்புறம் டிரெய்லியரின் மேல் புல்லி (செயின் ஓடும் குட்டிச் சக்கரம்) 34-இல் உரசியது. அந்த இடைவெளியைக் கூட்டும் பி-ஸ்குருவைக் கொஞ்சம் முடுக்கியதும் சத்தம் நின்றது.

முன்னாலிருக்கும் 48-ஐத் தினசரி ஓட்டத்தில் நான் தொடுவதே இல்லை. 48-க்கு 14 என்றால் ஒரு சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல். இறக்கத்தில் அந்த வேகம் எனக்கு வேண்டாம். அங்கே பிரேக்கை நம்பினால் போதும்.

துணைச் சாமான்களில் என் தேர்வு கஞ்சத்தனமானது. முழுநீள மட்கார்டு கட்டாயம். மழையில் முதுகில் கோடு விழாமல் ஆபீஸ் போக வேறு வழியில்லை. பின் கேரியருக்கு ஆசைப்படுகிறவர்கள் டிஸ்க் பிரேக் வண்டி என்றால் கவனிக்க வேண்டும்: டிஸ்க்கைப் பிடிக்கும் காலிபர் கேரியர் காலில் இடிக்கும், நீள போல்ட்டும் இடையில் வாஷரும் தேவைப்படும். என்னுடையது ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. சிவப்புப் பின்விளக்கு, பெல், ஒரு ஸ்பேர் டியூப், டயர் லீவர் இரண்டு. டியூப் வால்வு பைக்கில் இருக்கும் வகையாக இருந்தால் நல்லது. பெட்ரோல் பங்க்கிலேயே காற்று பிடிக்கலாம். ஜெல் சீட் கவர் மட்டும் வாங்காதீர்கள். ஏற்றத்தில் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தால் அது நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் காசுக்குப் பேட் வைத்த ஷார்ட்ஸ் மேல்.

டயர் தேய்ந்ததும் 38 மி.மீ. அகல டயருக்கு மாற எண்ணம். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இப்போது ஒரு விரல் இடைவெளி இருக்கிறது, பொருந்தும் என்றே நினைக்கிறேன்.