நாரிப்பிடிப்பும் நான்கு போல்ட்டுகளும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், சூப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டி வாவா என்ற ஊரிலிருந்து தண்டர் பே நகரை நோக்கிச் செல்லும் 17ஆம் இலக்க நெடுஞ்சாலையை மாரியில் நிலத்தடி நீர் உறைந்து மேலே தூக்கும். வெயில் திரும்பும்போது அதே இடம் இளகி அமிழும். அந்த மேடுபள்ளங்களில் ஓடிய ஒரு பங்குனி மாதத்தில்தான் என் பாரவூர்தியின் சாரதி இருக்கை பழுதாகிவிட்டதை உணர்ந்தேன். ஒவ்வொரு மேட்டிலும் இருக்கை அடித்தட்டில் மோத, அந்த அடி நேரே முதுகெலும்பில் ஏறியது. ஊரில் நாரிப்பிடிப்பு என்போமே, அதை அதுவரை என் வயதின் கணக்கிலேயே சேர்த்து வைத்திருந்தேன்.

நான் கனடாவுக்கு வந்தது 2010இல். எட்டு ஆண்டுகள் களஞ்சியசாலைகளில் பெட்டி தூக்கிய பிறகு, 2018இல் இழுவைப் பெட்டியுடன் பாரவூர்தி ஓட்டுவதற்கான ஏ இசட் அனுமதிப்பத்திரம் எடுத்தேன். ஒன்ராறியோவில் அதற்கு முந்திய ஆண்டுதான் 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அந்தப் பயிற்சியில் காற்று பிரேக்கையும் இழுவைப் பெட்டி பொருத்துவதையும் விரல்நுனியில் கற்றேன். ஆனால் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் நாட்டில், அந்த நேரம் முழுவதும் உடலைத் தாங்கும் இருக்கையைப் பற்றி உயரத்தைச் சரிசெய்வதற்கு மேல் எதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை. ரயருக்கும் எண்ணெய்க்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கும் நாங்கள் இருக்கைக்கு மட்டும் ஏன் கஞ்சத்தனம் செய்கிறோம் என்று இப்போது வருந்துகிறேன்.

இந்த இருக்கை சாதாரணக் கதிரை அல்ல. கத்தரிக்கோல் போலக் குறுக்காக மடியும் இரும்புக் கால்களின் நடுவே ஒரு ரப்பர் காற்றுப்பை இருக்கிறது; வாகனத்தின் காற்றுத் தொட்டியிலிருந்து மெல்லிய நைலோன் குழாய் வழியாக அதற்குக் காற்று வருகிறது. பக்கத்தில் ஓர் அதிர்வுத் தாங்கி உண்டு. காற்றுப்பை பாரத்தைச் சுமக்கும். தாங்கி ஆட்டத்தை அடக்கும். தாங்கி தேய்ந்துவிட்டால் ஒரு பள்ளத்தில் விழுந்த இருக்கை அதன் பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். மனித உடலின் மேற்பகுதி வினாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 தடவை மேலும் கீழுமாக ஆடும் அதிர்வையே மிக மோசமாக வாங்கிக்கொள்ளும் என்பதால், தேய்ந்த இருக்கையில் மணிக்கணக்காக இருப்பவருக்கு முதுகு நோவது வியப்பல்ல. என் இருக்கையில் பையும் கசிந்தது, தாங்கியும் எண்ணெய் வடித்திருந்தது, கால்களின் மூட்டுகளும் தளர்ந்திருந்தன. துண்டுதுண்டாகத் திருத்துவதை விட முழுவதையும் மாற்றுவதே முறை என்று முடிவெடுத்தேன்.

அப்பா கண்டி வீதியில் லொறி ஓட்டிய காலத்தில் எந்தப் பழுதுக்கும் கராஜுக்குத்தான் போவார். அங்கே கைவேலை மலிவு, உதிரிப்பாகம்தான் விலை. இங்கே நிலைமை தலைகீழ். வாகனம் திருத்தும் வேலைத்தலத்தில் சொன்ன கூலியைக் கேட்டதும், சித்திரைப் புதுவருடத்துக்கென எடுத்த விடுமுறையில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கினேன். வாகனத்தின் தயாரிப்பு, மாதிரி, ஆண்டு மூன்றையும் சொல்லித்தான் இருக்கையை வாங்கவேண்டும். தரையிலுள்ள துளைகளுக்கு அடித்தளம் பொருந்தாவிட்டால் எல்லாம் வீண். விபத்தில் விரியும் காற்றுப்பை பொருத்திய இருக்கையாக இருந்திருந்தால் நான் கைவைத்தே இருக்கமாட்டேன்; அது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

பிராம்ப்டனில் நான் வாகனம் நிறுத்தும் வளவில், பாஜி என்று நான் அழைக்கும் பஞ்சாபிச் சாரதி ஒருவர் உதவிக்கு வந்தார். சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பற்றரி இணைப்பைக் கழற்றி, சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தல் வரை அழுத்தத்தில் நின்ற தொட்டிகளைத் திறந்து காற்றை வெளியேற்றினோம். குழாய் இணைப்பின் வளையத்தை உள்ளே அழுத்திப் பிடித்தபடி இழுத்தால் குழாய் சிரமமின்றி வந்துவிடும். அழுத்தாமல் இழுத்தால் அதன் முனை கிழியும். ஆசனப்பட்டியின் மின்னிணைப்பையும் கழற்றினோம். தரையைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளில் மூன்று மசிந்தன. நான்காவது பல மாரிகளின் பனி உப்பில் துருவேறி இறுகியிருந்ததால், துரு இளக்கும் எண்ணெய் விட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து, நீண்ட பிடியால் மெல்ல மெல்லத் திருப்பினோம். முதுகுச்சாய்வை முன்னே மடித்து, கதவு வழியாக இருக்கையை இருவரும் இறக்கினோம். ஏறத்தாழ 40 கிலோ இருக்கும்; நாரி நோவுடன் ஒருவர் தனியே தூக்கவே கூடாத பாரம் அது.

பொருத்தும்போது இரண்டு விடயங்களில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பழைய போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தவில்லை. தலையில் ஆறு கோடுகள் உள்ள உயர் வலிமைப் போல்ட்டுகளையே வாங்கி, தயாரிப்பாளரின் தாளில் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். மூன்று கோட்டுப் போல்ட்டும் துளைக்குள் போகும், ஆனால் அதன் வலிமை குறைவு. மற்றது, இருக்கையைத் தரையோடு பிணைக்கும் பட்டி. ஒன்ராறியோவின் தினசரிப் பரிசோதனை அட்டவணையில் இருக்கை நிலைத்து நிற்காதது சிறு குறைபாடு. ஆனால் ஆசனப்பட்டியோ இந்தப் பிணைப்புப் பட்டியோ இல்லாமல் இருந்தாலும் தளர்ந்திருந்தாலும் அது பெருங்குறைபாடு, வாகனத்தை ஓட்டவே முடியாது. மோதலில் இருக்கை ஆளோடு சேர்ந்து முன்னே பாயாமல் தடுப்பது அதுதான். அதன் முனைகளை நானும் பாஜியும் தனித்தனியே இழுத்துப் பார்த்தோம்.

பிறகு இயந்திரத்தை இயக்கிக் காற்றேற்றி, இணைப்புகளில் சவர்க்கார நீர் தடவினோம். ஒரு குமிழியும் எழவில்லை. போல்ட் தலையிலிருந்து தரைவரை வெள்ளை மையால் கோடிட்டேன். போல்ட் சற்றுத் தளர்ந்தாலும் அந்தக் கோடு முறியும்.

புதிய இருக்கையில் ஏறி அமர்ந்ததும் கண்ணாடிகள் எல்லாம் தவறான இடத்தைக் காட்டின. பழைய இருக்கை எவ்வளவு தாழ்ந்துபோயிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டு மறுநாள் வடக்கே புறப்பட்டேன். வாவாவில் இறங்கிக் குனிந்து பார்த்தேன்; நான்கு கோடுகளும் முறியாமல் இருந்தன.