9.5இல் நின்றுபோன இணையம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணையம் வந்து நான்கு வருடம் ஆகிறது. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) திட்டம். இறங்கும் வேகமும் ஏறும் வேகமும் ஒன்றே. அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை, போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை வரை.

சனிக்கிழமை மாலை 4 மணிக்கு வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் என்று ஏழு பேர். கரும்புத் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை, வீட்டில் ஆங்கிலம்தான். ழகரத்துக்கு நாக்கு எங்கே மடிகிறது என்று அவர்கள் என் வாயைப் பார்க்க வேண்டும். அவர்கள் சொல்வது எனக்குத் துல்லியமாகக் கேட்க வேண்டும். அன்று ஒரு சிறுமி ‘வாழைப்பழம்’ என்று ஆரம்பித்தாள். ‘வா’ வந்தது, படம் உறைந்தது, அப்புறம் ‘ம்’ மட்டும் வந்து சேர்ந்தது. மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தேன். தான்தான் தப்பாகச் சொல்கிறோம் என்று நினைத்து அவள் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு மனசே ஆறவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஸ்பீட் டெஸ்ட் போட்டேன். 9.5.

முதலில் கடலைத்தான் சந்தேகப்பட்டேன். 2024 மார்ச் 14 அன்று மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் கடலோரத்தில் நான்கு கடலடி இணையக் கேபிள்கள் ஒன்றாக அறுந்தன. இரண்டு மாதம் கழித்து, மே 12 அன்று ஈஸ்ஸி, சீகாம் என்ற இரண்டு கேபிள்களும் இந்தப் பக்கக் கடலிலேயே அறுந்தன. அதிலிருந்து எங்கள் தெருவில் இணையம் மந்தமானால் யாராவது ஒருவர் ‘கடலுக்குள்ள வயர் போச்சு’ என்று சொல்லிவிடுவார். இதைச் சோதிப்பது சுலபம். ஸ்பீட் டெஸ்டில் சர்வரை, அதாவது எந்த ஊர்க் கணினியோடு அளக்கிறோம் என்பதை, மாற்றிப் பார்த்தால் போதும். டர்பனும் ஜோகன்னஸ்பர்க்கும் வேகமாக இருந்து லண்டன் மட்டும் தவழ்ந்தால் கடல் பக்கம் பிரச்சினை என்று நினைக்கலாம். எனக்கு மூன்றுமே 9.5.

மாலை நேர நெரிசலாக இருக்குமோ என்று விடியற்காலை 5 மணிக்கு எழுந்து பார்த்தேன். அதே எண். வைஃபை காரணமாக இருக்குமோ என்று லேப்டாப்பை வயர் போட்டு ரௌட்டரிலேயே செருகினேன். அப்போதும் அதே எண்.

சேவை நிறுவனத்தை அழைத்தேன். அணைத்துப் போடச் சொன்னார்கள், செய்தேன். இந்த நாட்டில் பல இடங்களில் ஃபைபர் லைனைப் பதிப்பவர் ஒருவர், அதில் இணையம் விற்பவர் வேறொருவர். அதனால் புகார் லைன் பதித்தவரிடம் போய்த் திரும்பி வர இரண்டு நாள் ஆனது. ஃபைபரில் வரும் வெளிச்சத்தின் அளவு மைனஸ் 19 டிபிஎம், வீடு வரை எல்லாம் சரி என்று பதில். வீட்டுக்குள் ஃபைபர் வந்து முடியும் பெட்டி கிட்டத்தட்ட மைனஸ் 27 வரை தாங்கும் என்பதால் அது உண்மையிலேயே நல்ல அளவுதான். ஆனால் அதோடு, 200 திட்டத்துக்கு மாறிப் பாருங்கள் என்று யோசனை சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. 100 ஏன் வரவில்லை என்பதுதானே என் கேள்வி?

பக்கத்து வீட்டு அண்ணா தொலைபேசி லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஆயா சொல்லிக் கொடுத்த தமிழ் அவரிடம் இன்னும் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தங்கச்சி, நம்பர் ஆடுதா, நிக்குதா?” என்றார்.

நிற்கிறது. குறித்து வைத்திருந்த தாளைக் காட்டினேன்: 9.5, 9.4, 9.5, 9.5. ஏறும் வேகமும் அதுவே. நெரிசலானாலும் வைஃபையானாலும் எண் ஆடும், ஒரே இடத்தில் முட்டி நின்றால் எங்கோ ஒரு சுவர் இருக்கிறது, அந்தச் சுவர் 10 என்றார். ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவே என்ன இருக்கிறது என்றும் கேட்டார்.

ஒரு வயர்தான் இருக்கிறது. பெட்டி முன் அறை ஜன்னலோரம், ரௌட்டர் நடு அறையில். சரி என்று ரௌட்டரை விட்டுவிட்டு, லேப்டாப்பை வேறொரு குட்டை வயரால் நேராகப் பெட்டியில் செருகினேன். முதலில் இணையமே வரவில்லை. பெட்டியைச் சில நிமிடம் அணைத்துவைத்துப் போட்ட பிறகுதான் புதுக் கருவியை அடையாளம் கண்டது. (இங்கேயே பயந்து விட்டுவிடாதீர்கள்.) 96 வந்தது!

அப்புறம் அந்த வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். கார்ப்பெட்டுக்கு அடியில், பீரோவின் பின்கால் அதன்மேல் நின்றது. மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும் பூஜைக்காக வீட்டை ஒழித்தபோது பீரோவை ஒரு சாண் நகர்த்தியிருந்தோம். நீல உறை தட்டையாக நசுங்கி, ஒரு பக்கம் பிளந்து, உள்ளே பச்சை வெள்ளைக் கம்பி தெரிந்தது.

அந்த வயருக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 1000 வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100க்கு நான்கு போதும். கம்பி பழுதானால் இரண்டு முனையும் தங்களுக்குள் பேசி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரொம்ப மோசமானால் 10 வரை இறங்கும். ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அந்த வயர் செருகிய துளைக்கு நேரே 10 என்றே போட்டிருந்தது. முதல் நாளே பார்த்திருக்கலாம். வகுப்புக்கு மட்டும் அந்த 9.5 போதும்தான். ஆனால் அந்த நேரத்தில் கூடத்தில் படம் ஓடும், மகன் விளையாட்டை இறக்கிக்கொண்டிருப்பான். எல்லாம் அதற்குள்ளேதான் நெருக்கியடித்துப் போக வேண்டும்.

10 மீட்டர் கேட் சிக்ஸ் (Cat 6) வகை நெட்வொர்க் வயர் வாங்கி, இந்த முறை கதவு நிலைக்கு மேலாகக் கொண்டுபோய் ஆணி அடித்தேன். 97. அன்றிரவே அந்தச் சிறுமியின் அம்மாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன், பிழை பிள்ளையிடம் இல்லை, என் வீட்டு வயரில் என்று.

போன வாரம் எதிர்வீட்டு ஆன்ட்டி இதே புகாரோடு வந்தார். தாளில் எழுதச் சொன்னேன்: 14, 61, 22, 70. ஆடுகிறது. போய்ப் பார்த்தால் ரௌட்டர் டிவிக்குப் பின்னால், மைக்ரோவேவுக்குப் பக்கத்தில், ஃபோன் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில். ரௌட்டரை அலமாரி மேலே ஏற்றி, ஃபோனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம். வயரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.