ஒரே ஒலிப்பதிவை இருவர் கேட்டால் போதுமா?

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாற்றைக் கண்டறியும் நேர்காணல்களில் இன்று பெரிதும் மதிக்கப்படுவது கேப்ஸ்-5. அதில் 20 அறிகுறிகளுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. 2 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் அந்த அறிகுறி கணக்கில் சேரும். இதன் நம்பகத்தன்மையைச் சோதிக்கும்போது பலரும் எளிய வழியைத்தான் நாடுகிறார்கள்: ஒருவர் நடத்திய நேர்காணலின் ஒலிப்பதிவை இன்னொருவர் கேட்டுத் தனியாக மதிப்பெண் இடுவார், இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். இந்த வழியில் எனக்கு நிறைவில்லை.

ஏற்காடு மலைப்பாதையில் விபத்தில் சிக்கிய ஓட்டுநர் ஒருவர் சேலத்தில் நேர்காணலுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அந்த இடத்தைத் தவிர்க்கிறீர்களா?" என்று கேட்டால், "இல்லைங்க, தினமும் மலைக்குப் போய்ட்டுதான் வர்றேன்" என்பார். அது உண்மைதான். "எந்த வழியா போறீங்க?" என்று கேட்டால்தான், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பாதையை விட்டுவிட்டு, விபத்துக்குப் பிறகு குப்பனூர் வழியாகச் சுற்றிப் போவது தெரியவரும். மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்-5 விதிப்படி தவிர்த்தல் பிரிவில் ஓர் அறிகுறியாவது இருந்தாக வேண்டும் என்பதால், மற்றவை எல்லாம் பொருந்தியிருந்தும் இந்த ஒரு கேள்வியைக் கேட்பதும் விடுவதும் நோய் உண்டு, இல்லை என்ற முடிவையே மாற்றிவிடும். கேள்வி கேட்கப்படாத ஒலிப்பதிவைப் பத்துப் பேர் கேட்டாலும் பத்துப் பேரும் ஒருமித்துத் தவறாகவே சொல்வார்கள்.

ஒத்துப்போன விழுக்காட்டை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். நூறு பேரில் இருவர் முடிவும் 90 பேரிடம் ஒத்துப்போகிறது; அதில் 88 பேருக்கு இருவருமே 'இல்லை' என்கிறார்கள், 2 பேருக்கு இருவருமே 'உண்டு' என்கிறார்கள், ஒத்துப்போகாத மீதிப் பத்தில் ஆளுக்கு வெவ்வேறு ஐந்து பேரை 'உண்டு' என்கிறார்கள் என்றால், தற்செயல் ஒற்றுமையைக் கழித்துக் காட்டும் கப்பா அளவு (முழு ஒற்றுமை என்றால் 1) ஏறத்தாழ 0.23தான்.

ஆகவே வேறொருவர் புதிதாக நேர்காணல் நடத்துவதையே நான் விரும்புகிறேன். கேப்ஸ்-5 பற்றி 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மறுநேர்காணலுக்கான கப்பா 0.83 என்று வந்தது. இரண்டு நேர்காணல்களுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதில்தான் சிக்கல்: குறைவாக இருந்தால் நேர்காணலுக்கு வந்தவர் முன்பு சொன்ன பதிலையே ஒப்பிப்பார், கூடினால், கேள்விகள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை என்பதால், நிலைமையே மாறியிருக்கலாம்.