பிள்ளைக் காம்பரா நாட்குறிப்பு

ஜூன் 3
தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் எங்கள் பிள்ளைக் காம்பராவில், அந்த மூன்று வயதுப் பையன் இன்றும் ஒரு பிள்ளையின் கையைக் கடித்துவிட்டான். பல் பதிந்து சிவந்த கையைத் தடவிக் கொடுத்தபடியே அவனைத் திரும்பிப் பார்த்தேன். நான் அடிக்கப்போகிறேன் என்று எண்ணி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக் குனிந்துகொண்டான். இங்கே அவனை எவரும் ஒரு நாளும் அடித்ததில்லை.

ஜூன் 5
மாலையில் அவனுடைய அம்மா பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டு நேரே இங்கு வந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்கு முழுவதும் நனைந்திருந்தது, அட்டை கடித்த காலில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. கிலோ குறைந்ததால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் கிடைத்ததாம். பையன் பிஸ்கட் கேட்டான். இல்லை என்றதும் படியில் விழுந்து உதைத்தான். அவர் அதட்ட, அவன் இன்னும் உரக்கக் கத்தி அவரை அறைய, அவர் அவன் முதுகில் இரண்டு அடி வைத்தார். அழுகை கூடியது. கடைசியில், “சரி வா, வாங்கித் தாறேன்” என்றார். அந்த நொடியே அவன் அடங்கிவிட்டான்.

ஜூன் 6
நேற்று நடந்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அமெரிக்காவின் ஒரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களை அவர்களின் வீடுகளிலேயே கவனித்து, 1982இல் விரிவாக எழுதியது இதைத்தான்: கத்தினால் கேட்டது கிடைக்கும் என்று பிள்ளையும், விட்டுக்கொடுத்தால் கத்தல் நிற்கும் என்று பெற்றவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள், ஒவ்வொரு முறையும் இருவரின் குரலும் ஒரு படி உயர்கிறது. இதில் தாயை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். சில பிள்ளைகள் பிறவியிலேயே எளிதில் கொதிப்பவர்கள். அத்தகைய பிள்ளையை, விடியுமுன் எழுந்து நாள் முழுக்க மலையில் நின்ற உடம்போடு சமாளிப்பது எத்தனை கடினம்!

கனடாவின் ஆய்வாளர் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே கண்டறிந்தது எனக்கு ஆறுதல் தருகிறது. அடிப்பதும் தள்ளுவதும் இரண்டு முதல் நான்கு வயதுக்குள்தான் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளிடம் அது பின்னர் குறைந்துவிடும். அப்படியானால், இந்தப் பையன் அடிக்க எங்கே பழகினான் என்பதைவிட, அடிக்காமல் இருக்க அவனுக்கு யார் பழக்குவது என்பதே நான் கேட்க வேண்டிய கேள்வி.

ஜூன் 10
அம்மாவிடம் பேசினேன். “அடிச்சாத்தான் டீச்சர் அடங்குறான். எனக்கு எங்க நேரம்?” என்றார். அடுப்பு மூட்டுவதற்கு முன் பத்து நிமிடம் அவன் விளையாட்டில் அவன் சொன்னபடி சேர்ந்துகொள்ளுங்கள், இல்லை என்று சொன்னால் ஒரு தரம் சொல்லி அதிலேயே நில்லுங்கள், வாயால் கேட்கும்போது உடனே பாராட்டுங்கள் என்றேன். முதல் நாட்களில் முன்னைவிட அதிகமாகவே கத்துவான் என்பதையும் மறைக்கவில்லை.

ஜூன் 13
கத்தியிருக்கிறான். அவர்கள் இருக்கும் வரிசை வீடுகள், லயம் முழுக்கக் கேட்டதாம். அவர் கை ஓங்கவில்லை.

ஜூன் 20
இந்த வாரம் ஒரு தரம் கடித்தான். இன்று லாரிப் பொம்மையை வேறொருவன் பறித்தபோது, ஓங்கிய கையோடு என்னிடம் ஓடிவந்து, “டீச்சர், எடுத்துட்டான்” என்றான். மாலையில் அம்மா கூடையைக்கூட இறக்காமல் படியில் உட்கார்ந்தார். கூடையில் ஒட்டியிருந்த இலைகளை அவன் ஒவ்வொன்றாக எடுத்து அவர் மடியில் வரிசையாக அடுக்கினான்.