டயருக்குள் இருந்த உப்புத் தண்ணீர்

போன ஆடியில் தங்கச்சி மகன் போன் போட்டான். "மாமா, தொண்டிக்கு மேற்கே ஒரு பழைய மெஸ்ஸி டிராக்டர் வருது. 1035, 94 மாடல். ஒண்ணு எழுபது சொல்றாங்க. வண்டி பளபளன்னு இருக்கு மாமா."

அந்தப் 'பளபள'வைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 30 வயசு டிராக்டர் இந்தக் கடற்கரைப் பக்கம் பளபளவென்று நிற்கிறது என்றால் அது போன வாரம் பெயிண்ட் அடித்த வண்டி. 2016-இல் நான் வாங்கியதும் அப்படித்தான் நின்றது.

எங்களுக்குத் தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஐந்தரை ஏக்கர். வானம் பார்த்த பூமி. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். மேட்டுப் புஞ்சையில் முண்டு மிளகாய். இடையில் ஒரு மழை பெய்தால் இரண்டு நாளைக்குள் உழுதாக வேண்டும். அந்த இரண்டு நாளும் ஊரே வாடகை வண்டிக்குப் பறக்கும். இருபது ஏக்கர் வைத்திருப்பவருக்கு முதலில் போவான், நமக்கு ஈரம் காய்ந்த பிறகு வருவான். அதனால்தான் சொந்த வண்டி ஆசை. புது வண்டிக்குக் கடன் வாங்கினால் ஐந்தரை ஏக்கர் தாங்காது. ஆக, பழசு.

அந்த 2016 வண்டியை ஒரு கரையோர ஊரில் பார்த்தேன். "ஒரே கை, விவசாய வண்டி" என்றார் விற்றவர். ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. சிவப்புப் பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. 1,35,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஏதோ தேர் ஓட்டி வருகிறவன்போல் ஓட்டி வந்தேன். நாற்பது நாள் போயிருக்கும். டிரெய்லரில் எருக் குப்பை ஏற்றிக்கொண்டு வண்டிப் பாதையில் வரும்போது இடது பின்சக்கரம் 'டொப்' என்று உட்கார்ந்தது. பஞ்சர் என்று நினைத்தேன். பஞ்சர் இல்லை, ரிம்மே பிய்ந்திருந்தது.

பெரியபட்டினத்திலிருந்து மெக்கானிக் காக்கா வந்தார். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். நாற்பது வருஷமாக டிராக்டர் வேலை மட்டும் பார்க்கிறவர். டயரைக் கழற்றிப் போட்டதும் ரிம்மின் உள்பக்கத்தை என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பொரித்த அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது. வெளியே வெள்ளி பெயிண்ட், உள்ளே துருத் தூள். வால்வு ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு இரும்பே இல்லை.

அப்புறம் நல்லா இருந்த வலது சக்கரத்துக்குப் போனார். வால்வு கீழே வரும்படி வண்டியை நகர்த்தச் சொல்லி, மூடியைக் கழற்றி, ஒரு குச்சியால் ஊசியை அழுத்தினார். காற்றுக்குப் பதில் தண்ணீர் பீச்சியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு, தம்பி."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பின்சக்கரம் வழுக்காமல் இருக்க டியூபில் முக்கால்வாசி தண்ணீர் ஏற்றுவது எல்லா ஊரிலும் உண்டு. நம் ஊரில் தண்ணீர் என்றால் போர் தண்ணீர், பாதி இடத்தில் அது வாயில் வைக்க முடியாது. டியூபுக்குள் இருக்கிற வரை பாதகம் இல்லை. ஆனால் இங்கே கருவேல முள் குத்தாத டயர் ஏது? முள் குத்தினால் அந்த உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்து டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் போய்த் தேங்கும். வெயிலும் படாது, காற்றும் படாது, கண்ணும் படாது. வருஷக்கணக்கில் உள்ளே இருந்து தின்றுகொண்டே இருக்கும். அந்த வண்டி போதாக்குறைக்குக் கடற்கரை மணலில் வத்தை, அதாவது மீன்பிடிப் படகு, இழுத்திருக்கிறது. இதை விற்றவர் சொல்லவில்லை. பக்கத்து டீக்கடையில் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள், நான்தான் கேட்கவில்லை.

ரிம் இரண்டும், டியூபும், கூலியுமாக 21,000 ரூபாய். அந்த வருஷ உழவு வாடகை வண்டியில்தான் நடந்தது.

ஆகவே மருமகனிடம், "முன்பணம் கொடுத்துடாதே, நானும் காக்காவும் வர்றோம்" என்றேன். "எப்ப வர்றோம்னு மட்டும் அவங்ககிட்டச் சொல்லாதே."

காலை ஆறு மணிக்குப் போய் நின்றோம். சொல்லாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் வருகிறோம் என்று தெரிந்தால் முன்கூட்டியே அரை மணி நேரம் ஓட விட்டு வைப்பார்கள். சூடான எஞ்சின் எந்தக் குறையையும் காட்டாமல் கிளம்பிவிடும். காக்கா வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டார். ஜில்லென்று இருந்தது. வண்டிக்காரர் வயசானவர், வேப்பங்குச்சியோடு வந்து, "பாருங்க, எங்கே ஓடப் போகுது" என்றார். அந்தப் பேச்சே எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் காக்கா ஸ்டார்ட் பண்ணவிடவில்லை. முதலில் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுத்தார். மெஸ்ஸியில் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர் இருந்தால் ஆயிலுக்கு அடியில் தங்கியிருக்கும். அடி நட்டை முழுசாகக் கழற்றாமல் லேசாகத் தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீர்தான். கடலுக்குள் இறங்கிய வண்டியா, மழையில் மூடாமல் கிடந்த வண்டியா என்று அந்த முதல் பத்துச் சொட்டு சொல்லிவிடும். வண்டி ஓடிய பிறகு பார்த்தால் எல்லாம் கலந்து மோர் மாதிரி ஆகியிருக்கும். அப்போதும் கண்டுபிடிக்கலாம், ஆனால் 'ஆயில் பழசு' என்று சமாளிப்பார்கள். காக்கா உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். கறுப்புதான், ஆனால் சுத்த ஆயில். நட்டை இறுக்கிவிட்டு எழுந்தார்.

பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். கால் வைக்கிற தகடு, மட்கார்டு போல்ட் இருக்கிற இடம், பேட்டரித் தட்டு, ரேடியேட்டரின் அடித்தொட்டி, ரிம். நல்ல இரும்பு 'ணங்' என்னும். துருவை மறைத்துப் பட்டி பூசியிருந்தால் 'தொத்' என்னும். கால் தகடு இரண்டு இடத்தில் தொத் என்றது. "தகடு வெல்டு வச்சுக்கலாம்" என்றார். ரிம் ணங். வால்வு ஊசியை அழுத்தினார், காற்றுதான் வந்தது. தண்ணீரே ஏற்றியதில்லை என்றார் பெரியவர், பின்சக்கரத்தில் இரும்பு எடைதான் மாட்டியிருந்தார். முன்டயர் மொட்டை. பின்டயர் 12.4-28 அளவு, மண்ணைக் கவ்வுகிற பட்டன் பாதி இருந்தது. பின்டயர் ஜோடியின் விலையைக் கடையில் விசாரித்து வைத்துக்கொண்டு பேரத்துக்குப் போவது நல்லது. மொட்டைப் பின்டயரோடு 'மலிவாக' வருகிற வண்டி மலிவே இல்லை.

அதற்கப்புறம்தான் எஞ்சின். நம்மாட்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான், நான் கடைசியில் பார்க்கச் சொல்வேன். மெஸ்ஸிக்குள் இருப்பது சென்னை சிம்சனின் மூன்று சிலிண்டர் எஞ்சின். ரிங், பிஸ்டன், போர் எதுவானாலும் ராமநாதபுரம் டவுனிலேயே முடித்துவிடலாம். உப்பு தின்ற வண்டியை யாராலும் முடிக்க முடியாது.

இரண்டாவது தட்டில் பிடித்தது. வெள்ளைப் புகை கொஞ்சம், சூடேறியதும் நின்றுவிட்டது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால்தான் பயம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பாகக் கக்கினால் நாசிலையோ பம்பையோ பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தார் காக்கா, பீடி குடிக்கிறவன் மூச்சு மாதிரிப் புகை வந்தது. "ரிங் கொஞ்சம் தேஞ்சிருக்கு. ரெண்டு வருஷம் ஓடும்." ரேடியேட்டர் மூடியைக் குளிர்ச்சியாக இருக்கும்போதே திறந்து வைத்திருந்தோம், குமிழ் வரவில்லை. வந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டித் தூக்கச் சொல்லிவிட்டு எஞ்சினை அணைத்தோம். டீ குடிக்கப் போய்விட்டோம். இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. திரும்பி வரும்போது கலப்பை தரையில் கிடந்தால் ஹைட்ராலிக்கில் செலவு இருக்கிறது. நாங்கள் வந்தபோது ஒரு சாண் இறங்கியிருந்தது. காக்கா தலையை ஆட்டினார், அது நல்ல ஆட்டல். பெரியவர் வீட்டிலிருந்தும் டீ வந்துவிட்டதால் இரண்டாவது தடவையும் குடித்தோம்.

நடுவில் மருமகன் என்னிடம் மெதுவாக, "மாமா, பரமக்குடிப் பக்கம் ஒரு எச்.எம்.டி. 2511 இருக்கு, எண்பதுக்கே முடியும்" என்றான். அந்த வண்டியின் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. பெரியப்பா வீட்டில் ஒன்று நின்றது. செக்கோஸ்லோவாக்கியாவின் செட்டர் வண்டி, 1971-இல் பிஞ்சோரில் எச்.எம்.டி. தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் அந்த டிராக்டர் பிரிவை மூட 2016-இல் அரசே முடிவெடுத்துவிட்டது. உதிரிப் பாகத்துக்கு யார் வீட்டுக் கொல்லையில் எது செத்துக் கிடக்கிறது என்று தேடித் திரிய வேண்டும். வீட்டு வாசலில் நிறுத்தி அழகு பார்க்கலாம், ஐப்பசியில் அதை நம்பி இறங்கக்கூடாது.

ஓட்டிப் பார்த்ததில் ஸ்டியரிங்கில் நாலு விரல் அளவு ஆட்டம். கிங் பின் புஷ், பெரிய விஷயம் இல்லை. கண்மாய்க் கரையில் ஏற்றி மூன்றாவது கியரில் இறக்கும்போது கியர் தெறிக்கிறதா என்று பார்த்தோம், தெறிக்கவில்லை. இடது பிரேக் பிடிக்கவே இல்லை. வலதை மட்டும் மிதித்தால் வண்டி அங்கேயே சுற்றியது, மருமகனுக்கு அது ஒரே சிரிப்பு.

வண்டி தேறிவிட்டது, ஆர்.சி. புக்தான் இழுத்தது. பதிவு 2019-உடன் நின்றிருந்தது. 15 வருஷம் ஆன பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், பெரியவர் கடைசித் தடவை விட்டுவிட்டார். பழைய கடன் அடமானமும் புக்கில் அப்படியே இருந்தது. கடனைக் கட்டி முடித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். கட்டினால் போதாது, கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி அதை நீக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றம். சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் புக்கோடு ஒத்துப் பார்த்தோம், ஒத்துப்போனது. டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. வேண்டும், அது இல்லவே இல்லை. டிரெய்லர் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

புக் வேலையைப் பெரியவரே முடித்துத் தருவது, பாதிப் பணம் அப்போது, பாதி பெயர் மாறிய பிறகு. 1,42,000-க்கு முடிந்தது. ஆவணி பிறந்து பத்து நாளில் பெயர் மாறியது.

இப்போது வண்டி தங்கச்சி வீட்டில் நிற்கிறது. கால் தகடு வெல்டு வைத்தாயிற்று, இடது பிரேக்கும் போட்டாயிற்று. பேட்டரிக்கு மட்டும் பணம் ஒதுங்கவில்லை. தினமும் சாயங்காலம் கண்மாய்க் கரை ஏற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வருகிறான், காலையில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணுகிறான்.