108 மெகாபிக்சலும் 1000 லிட்டரும்

கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது புதுப் போன் வாங்கினேன். வாங்கியதுகூடத் தப்பில்லை. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொன்னதுதான் தப்பு. அரை மணி நேரத்தில் திருவண்ணாமலை அத்தை கூப்பிட்டுவிட்டார்.

"ஏன்டா, ராத்திரில எடுத்தாலும் பகல் மாதிரி விழுமாமே? இந்த வருஷம் தீபத்த நீதான் எடுக்கற. போன வருஷம் ஆளாளுக்கு எடுத்தாங்க, ஒண்ணும் விளங்கல."

கடைப் பையனும் அதைச் சொல்லித்தான் விற்றான். "நைட் மோட் சார், 108 மெகாபிக்சல் சார்." கூட வந்திருந்த அம்மாவுக்கு மெகாபிக்சல் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் 108 என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். "நூத்தியெட்டா? அப்ப யோசிக்காத, வாங்கிடு" என்றார். அர்ச்சனை, தேங்காய், பிரதட்சிணம், ஆம்புலன்ஸ் என்று 108 எதிலும் நம்மைக் கைவிட்டதில்லையே என்று நானும் வாங்கிவிட்டேன்.

தீபத்தன்று காலை பஸ். உட்கார இடம் கிடைத்ததே பெரிய புண்ணியம். நேரம் போக வேண்டுமே என்று போன் கேமராவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். செஞ்சிக் கோட்டை கண்ணில் படும்போது என் 108-இல் முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டது.

விஷயம் இதுதான். போனுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். அதற்குள் 10 கோடியே 80 லட்சம் புள்ளிகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு புள்ளி 0.7, 0.8 மைக்ரான். தலைமுடியின் தடிமனுக்குள் ஏறக்குறைய நூறு பேரை வரிசையாக நிறுத்தலாம். குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கை அடைமழையில் வைத்தால் நிமிடத்தில் நிறையும். தூறலில் வைத்தால்? வெளிச்சமும் அப்படித்தான். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை கொட்டுகிறது. மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் கிடைப்பது சுமார் ஒரே ஒரு லக்ஸ். அதைத் தூறல் என்றுகூடச் சொல்ல முடியாது, பனி இறங்குகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். எனவே போன் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒன்பது சங்கையும் ஒரே டம்ளரில் கவிழ்த்து, அதை ஒரு புள்ளி என்று கணக்கு எழுதிவிடுகிறது. 108-ஐ ஒன்பதால் வகுத்தால் 12. நாமாகப் போய் மாற்றாவிட்டால் பகலிலும் இதே கதைதான்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், 12 ராசி என்று அதற்கும் ஏதாவது வைத்திருப்பார்.

நைட் மோட் என்பது இன்னொரு வித்தை. நாம் ஒரு தடவை அழுத்தினால் அது இரண்டு மூன்று நொடிக்குள் வரிசையாகப் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி போடுகிறது. இருட்டில் எடுத்த படத்தில் உப்புமா ரவை மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அந்த ரவை ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும். சராசரி போடும்போது அமுங்கிப்போகும். ஒன்பது படம் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பது கணக்கு. 2018-இல் கூகுள் தன் பிக்சல் போன்களில் இதைக் கொண்டுவந்தபோது உலகமே வாயைப் பிளந்தது. அடுத்த ஆண்டு ஐபோன் 11-லும் வந்தது. இப்போது என்னிடமும் வந்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: அந்த மூன்று நொடியும் கை ஆடக் கூடாது, எதிரில் இருப்பவர்களும் ஆடக் கூடாது.

திருவண்ணாமலையில், தீபத்தன்று, மாலை 6 மணிக்கு.

அத்தை வீட்டு மொட்டை மாடியில் ஐந்து மணிக்கே நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். உறவு, உறவுக்கு உறவு, 'இவங்க யாருன்னு தெரியுதா?' என்று அத்தை என்னைச் சோதித்துப் பார்த்த இரண்டு பேர். மலை நேர் எதிரே. நடுவில் எதிர்வீட்டு மாடியும் அதன்மேல் புதிதாக வைத்த கறுப்பு வாட்டர் டேங்கும் மட்டும்தான். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சம், மலை முழுக் கறுப்பு. 2668 அடி உயரத்தில் கொப்பரை இருக்கும் இடத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மகா தீபம் ஏறிய பிறகுதான் வீடுகளில் விளக்கு ஏற்றுவார்கள் என்பதால் தெருவே இருண்டு கிடந்தது. கோயிலிலிருந்து அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி தருவதைப் பார்க்கக் கீழே பெரியப்பா டிவியை ஊரே கேட்கும்படி வைத்திருந்தார்.

"தம்பி எடுக்குது, யாரும் மறைக்காதீங்க" என்று அத்தை எனக்கு முன்னால் பாதை ஒதுக்கிக் கொடுத்தார். கல்யாணத்தில் வீடியோகிராபருக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

உச்சியில் ஒரு பொட்டு மஞ்சள்.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

நான் பட்டனை அழுத்தினேன். 'அசையாமல் பிடிக்கவும்' என்று போன் திரையில் சொன்னது. அதே நொடியில் நாற்பது பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்கள். அம்மா என் தோளில் ஓங்கி ஒன்று போட்டு, "முதல்ல கும்பிடுடா, போன் எங்க ஓடிடப் போவுது!" என்றார். சுற்றியிருந்த மாடிகள் எல்லாவற்றிலிருந்தும் பிளாஷ் பளிச் பளிச்சென்று அடித்தது. மூன்று நான்கு மீட்டர் தாண்டினால் போன் பிளாஷுக்கு ஜீவன் கிடையாது. இரண்டாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில், டன் கணக்கில் நெய் ஊற்றி எரியும் தீபத்தின்மேல் அதை அடிக்கிறார்கள். நெய் போதுமா என்று பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது.

கேலி செய்கிறேனே தவிர, என் போனிலும் பிளாஷ் ஆட்டோவில்தான் இருந்திருக்கிறது. நைட் மோடிலிருந்து மாறியதும் அதுவாக அடித்துவிட்டது. எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் வழுக்கைத் தலை அந்தப் படத்தில் பௌர்ணமி நிலா மாதிரி விழுந்திருந்தது. நிஜ நிலா எங்கள் முதுகுக்குப் பின்னால் கிழக்கில் இருந்ததால் அதை யாரும் எடுக்கவில்லை.

இதற்குள் கீழே டிவியில் அரோகரா. நேரலை சில நொடி தாமதமாக வரும் என்பது பெரியப்பாவுக்குத் தெரியாது. "இன்னும் ஏத்தவே இல்ல, அதுக்குள்ள மேல கத்திட்டானுங்க" என்று ராத்திரி சாப்பாடு வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மொத்தம் 11 படம் எடுத்திருந்தேன். அகல் விளக்கெல்லாம் ஏற்றி முடித்து, பொரி உருண்டை கைக்கு வந்ததும், "எங்க, காட்டு" என்றார் அத்தை.

முதல் படத்தில் அம்மாவுக்கு நான்கு கை. அத்தைக்கு ஆறு. ஒரு நொடியில் கீழே இருந்த கையும் அடுத்த நொடியில் மேலே போன கையும் சராசரியில் சேர்ந்துகொண்டன. அத்தைக்கு இரண்டு கை கூடுதல் என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "அண்ணி எப்பவுமே படபடன்னு கும்பிடுவாங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த படங்கள்தான் என் மானத்தை வாங்கியவை. கறுத்து நின்ற மலை, அவற்றில் நாலு மணி வெயிலில் எடுத்த மாதிரி பச்சையாக இருந்தது. செடி தெரிகிறது, பாறை தெரிகிறது, வானம் வெளிர் நீலம். தீபம் இருக்க வேண்டிய இடத்தில் கல்லில் ஊற்றிப் பரப்பாத தோசை மாவு மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. இருட்டைப் பார்த்ததும் அதை ஒழிக்க வேண்டும் என்றே போனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது பாவம், சொன்னதைச் செய்திருக்கிறது.

"இது மத்தியானம் எடுத்ததாடா?" என்றார் அத்தை.

"இல்ல அத்தை, நைட் மோட்."

"அப்ப நைட்ட எங்க?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அத்தான் மகள் குறுக்கே வந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். "மாமா, தீபம்ங்கறது விளக்கு. நீங்க விளக்க எடுக்காம இருட்ட எடுத்துட்டீங்க" என்று சொல்லி, அத்தையின் பழைய போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்தாள். திரையில் தெரிந்த தீபத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். பக்கத்தில் ஒரு சூரியன் குறி வந்தது, அதைக் கீழே இழுத்தாள். படம் இருண்டுகொண்டே போய், வெள்ளைத் திட்டு சுருங்கி மஞ்சளாகி, ஒரு சுடர் ஆயிற்று. கை படாமலிருக்க மூன்று நொடி டைமர் வைத்தாள். எல்லாம் சேர்த்து இருபது நொடி ஆகியிருக்கும்.

படம் முழுக்கக் கறுப்பு. நடுவில், மலையின் ஓரத்தை லேசாகக் காட்டிக்கொண்டு, ஒரு துளி மஞ்சள். அவ்வளவுதான்.

எனக்கு உடனே அப்பா ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் இதே மாதிரி ஒரு படம் இருக்கிறது. 36 படம் எடுக்கிற பிலிம் சுருளில், ஒன்றுக்கு மேல் செலவு செய்ய மனசில்லாமல் ஒரே ஒரு கிளிக். கழுவி வந்தபோது கறுப்பில் ஒரு புள்ளி. அது பிலிமில் விழுந்த அழுக்கு என்று நாங்கள் சொல்லிவிடுவோமோ என்று பயந்து, பின்பக்கம் பேனாவால் 'மகா தீபம்' என்று எழுதி வைத்திருந்தார். நாங்கள் அழுக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அத்தை தன் போனில் விழுந்த படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார்.

நான் விடுவதாக இல்லை. தீபம் 11 நாள் எரியும், மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் லீவைக் கூட்டினேன். மறுநாள் மாலை கைப்பிடிச் சுவர், டைமர், சூரியன் குறி எல்லாம் தயாராக இருந்தேன். மலை உச்சியில் மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. எட்டரை மணி வரை நின்றேன், கொசு கடித்ததுதான் மிச்சம்.

கீழே இறங்கி வந்தபோது வாட்ஸ்அப் குழுவில் அறுபது செய்தி. நான் மாடியில் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், கீழே வைத்துவிட்டுப் போன என் பழைய போனை எடுத்து, இரண்டு போனும் ஒரே கணக்கில் இருந்ததால் அதற்கும் தானாக வந்து சேர்ந்திருந்த அந்த 11 படத்தையும் அம்மா குழுவில் தட்டிவிட்டிருக்கிறார். 108 ஆக இருந்து, 12 ஆகி, வாட்ஸ்அப் சுருக்கியதில் இன்னும் இளைத்துப் போன படங்கள். நான்கு கை, ஆறு கையை எல்லாம் யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

கோயம்புத்தூர் சித்தி ஒரு படத்தைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். எதிர்வீட்டு வாட்டர் டேங்க். இருட்டில் போனுக்கு எதன்மேல் போகஸ் வைப்பது என்று தெரியாது, கோடு கோடாக, எழுத்து எழுத்தாக ஏதாவது கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். கறுப்பு டேங்கில் வெள்ளை எழுத்து. 11 படத்தில் ஏழில் அதுதான் கதாநாயகன். '1000 லிட்டர்' என்பது மட்டுமில்லை, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த உத்தரவாத ஆண்டுக் கணக்குகூடத் தெளிவாகப் படிக்க முடிந்தது.

"டேங்க் நல்லா இருக்கே, எவ்ளோ ஆச்சாம்?" என்பது சித்தியின் கேள்வி. அத்தை எதிர்வீட்டில் விசாரித்து விலையைப் போட்டார். ஓசூர் மாமா, அதைவிடக் குறைவாகத் தன் ஊரில் கிடைக்கும் என்றார். மூன்று அடுக்கா, நான்கு அடுக்கா என்று ஒரு தனி வாக்குவாதம் நடந்தது. கடைசியாகச் சித்தியிடமிருந்து எனக்கென்றே ஒரு குரல் செய்தி: "கண்ணு, உன் போன்ல சூப்பரா விழுது. மூடிப் பக்கம் ஒண்ணு எடுத்து அனுப்பேன்."

காலையில் ஊருக்குக் கிளம்பும் முன் மாடிக்குப் போய் எடுத்து அனுப்பினேன். பளிச்சென்று விழுந்திருந்தது.